மணற்குன்றின் மேல் ஒரு கூரை

துபாயிலிருந்து ஹத்தா செல்லும் பாதையில், ஷார்ஜாவுக்குட்பட்ட அல் பதாயிர் என்னும் இடம் உள்ளது. இரும்பு ஒட்சைட்டு கலந்ததால் சிவந்துபோன மணற்குன்றுகள். அங்கே 'டியூன் பகி' எனும் மணல் வண்டிகள் வாடகைக்கு ஓடுகின்றன. நான்கு சில்லுகளும் இரும்புக் குழாய்ச் சட்டமும்தான் வண்டி, பலவற்றுக்குக் கூரையில்லை.

வெயிலுக்கு என்ன செய்வது? தகரம் பொருத்தலாம். ஆனால் பாரம் உச்சியில் ஏறினால் சரிவில் வண்டி இலகுவில் கவிழும். தறப்பாள் இலேசானது, தளர்வாகக் கட்டினாலோ காற்றில் பாய் போல் உப்பும். இழுத்துக் கட்டி, நீர் தேங்காதவாறு சற்றுச் சரித்து விடுவதே நலம்.

பாலைவனத்தில் மழைக்குமா கூரை என்று கேட்கலாம். 2024 ஏப்ரலில் அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணித்தியாலத்துக்குள் 254.8 மி.மீ. மழை கொட்டியது. 1949 இல் பதிவுகள் தொடங்கிய பின் அந்நாடு காணாத மழை அது.

பதவீ அரபிகள் இதை அன்றே அறிந்திருந்தனர். ஆட்டு உரோமத்தால் நெய்த அவர்களது கூடாரத்தில் வெயில் காலத்தில் இழைகளுக்கிடையே காற்றுப் புகும். நனைந்தால் இழைகள் உப்பி, நெருங்கி, நீரைத் தடுக்கும். பருத்திக் கன்வஸுக்கும் இக்குணம் உண்டு. பயணத்தில் சுமக்க இலேசான கூடாரங்களையும் நிழலையும் தன் அருட்கொடைகளாக அல்லாஹ் சூரத்துந் நஹ்லின் 80, 81 ஆம் வசனங்களில் நினைவூட்டுகின்றான்.

எனினும், வண்டி கவிழ்ந்தால் காப்பது கூரையல்ல. உறுதியான குழாய்ச் சட்டமும் ஆசனப் பட்டியுமே. அங்கு தொழிலுக்குச் சென்றிருக்கும் நம் பிள்ளைகள் விடுமுறையில் ஏறுமுன் அவ்விரண்டையும் பார்த்துக்கொள்ளட்டும். உயிர் அமானிதமல்லவா!