வெந்நீர்

அந்தத் துப்பாக்கியின் குழலைக் கெடுத்தது நான். கெடுத்தது தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்ததும் நான். இரண்டாவதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதலாவதைச் சொல்லாமல் அதற்கு வர முடியாது.

பென்சில்வேனியாவில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். கம்ப்யூட்டர் வேலை. பழைய ராணுவத் துப்பாக்கிகள் சேர்ப்பது பொழுதுபோக்கு. ஊரில் சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்பதால் அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. இந்த நாட்டில் அதற்கென்றே தனி உரிமம் இருக்கிறது. முப்பது டாலர் கட்டினால் மூன்று வருடத்துக்குத் தருவார்கள். ஐம்பது வருடம் கடந்த துப்பாக்கிகளை வாங்கலாம். வாங்கியது, கைமாறியது எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதிவர வேண்டும். என் நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. அதில் எனக்குப் பெருமை உண்டு. பெருமை எனக்கு எதில்தான் இல்லை?

இது நடந்தபோது என்னிடம் பதினான்கு இருந்தன. பாதிக்கு மேல் பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு. அந்த மோகம் காலேஜில் என்.சி.சி.யில் தொற்றியது. சுட முடியாதபடி முடக்கி ‘டி.பி.’ என்று குறி போட்ட பாயிண்ட் 303 ரைபிளைத்தான் அணிவகுப்புக்குத் தோளில் ஏற்றுவோம். கிட்டத்தட்ட நாலு கிலோ. வெயிலில் அரை மணி நேரம் நின்றால் நாற்பது கிலோ. சுடுவதற்குக் கொடுத்தது சின்ன பாயிண்ட் 22தான். தூக்கியதைச் சுட முடியவில்லையே என்ற குறையை அமெரிக்கா வந்து தீர்த்துக்கொண்டேன்.

நான் கெடுத்த துப்பாக்கி ஒரு பெரியவருடையது. அவரை எங்கள் துப்பாக்கி கிளப்பில் பழக்கம். அவருக்கு அப்போது எண்பத்தோரு வயது. தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் இருந்த ராணுவத் துப்பாக்கி ஒன்றே ஒன்று. 1917இல் பர்மிங்காமில் பி.எஸ்.ஏ. கம்பெனி செய்த லீ என்ஃபீல்டு மார்க் 3 ஸ்டார். சின்ன வயதில் நான் குரங்குப் பெடல் அடித்துப் பழகியதும் பி.எஸ்.ஏ. சைக்கிள்தான். அந்த மூன்றெழுத்து பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பதன் சுருக்கம் என்று அவருடைய துப்பாக்கியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பத்திரிகை விளம்பரம் பார்த்து 1962இல் தபாலில் வரவழைத்தாராம். அடுத்த வருடம் கென்னடியைச் சுட்டதும் அப்படித் தபாலில் வந்த இத்தாலிய ராணுவத் துப்பாக்கிதான். 1968இல் சட்டம் வந்து தபால் வியாபாரம் நின்றது. எங்கள் பொழுதுபோக்கின் மேல் அந்த நிழல் உண்டு. நாங்கள் அதைப் பேசுவதில்லை.

அவருடைய துப்பாக்கியில் குழல், உடல், போல்ட், முன்மூக்கு எல்லாவற்றிலும் ஒரே எண். நூறு வருடம் நெருங்கும் துப்பாக்கியில் இது அபூர்வம். அதைவிட அபூர்வம் குழலின் உள்பக்கம். ஐந்து வரிப்பள்ளங்கள், இடப்பக்கமாகத் திருகிச் செல்லும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கழுவிய வெள்ளித் தம்ளர் மாதிரி மின்னும்.

அந்த மினுக்குக்குக் காரணம் வெந்நீர். கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய ராணுவத் தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலுக்குள் படியும். அதாவது ஒரு வகை உப்பு. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போகாது. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டு முடித்த கையோடு, கொதிக்கும் தண்ணீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்றுவார்கள். கூட வேலை பார்த்த ஒரு பழைய பிரிட்டிஷ் சிப்பாய்தான் பெரியவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தாராம். ஐம்பத்திரண்டு வருடம் ஒரு தடவை விடாமல் ஊற்றினார். கார் ஷெட்டில் அடி கறுத்த கெட்டில் ஒன்றும் தகரப் புனல் ஒன்றும் இதற்கென்றே இருந்தன.

எனக்கு இது தெரியாதா? 2014 ஜூனில் கிளப்பில் இதைப் பற்றித்தான் நாற்பது நிமிடம் பேசினேன். படம் போட்டுக் காட்டினேன். சோம்பேறிகள் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். பெரியவர் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்.

ஜூலையில் பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கான போட்டி வந்தது. படுத்துச் சுட அவருக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. என்னைச் சுடச் சொல்லித் தன் துப்பாக்கியையே கொடுத்தார். கூடவே இரண்டாம் உலகப் போர் காலத்து பிரிட்டிஷ் தோட்டா முப்பது. கொடுக்கும்போது ஒன்று சொன்னார்: “இன்றைக்கு ராத்திரியே தண்ணீர் ஊற்றிவிடு.” எனக்குச் சுருக்கென்றது. எனக்கே பாடமா என்று நினைத்தேன். இப்படி நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மூன்றாவதாக வந்தேன். சாயங்காலம் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேச விருந்து. அங்கே போட்டிக் கதையை நாலு பேரிடம் நாலு விதமாகச் சொன்னேன். வீடு திரும்ப நள்ளிரவு ஆகிவிட்டது. துப்பாக்கியை மேஜையில் வைத்து, எண்ணெய்த் துணி கோத்த கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தேன். சமையலறை விளக்கை அணைக்கப் போன மனைவி கேட்டாள்: “ஏங்க, தண்ணி சுட வைக்கட்டா? அடுப்பு பக்கத்துலதான் நிக்கிறேன்.”

“வேணாம், காலைல பாத்துக்கலாம்” என்றேன்.

ஐந்து நிமிட வேலை. நான் செய்யக்கூட வேண்டாம், சரி என்று சொல்லியிருந்தால் போதும். துப்பாக்கியைப் பஞ்சு மெத்தை வைத்த பெட்டியில் போட்டு மூடினேன். அந்தப் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதும் என் பேச்சில் ஒரு படமாக இருந்தது.

ஞாயிறு மறந்தேன். திங்கள், செவ்வாய் ஆபீஸ். புதன்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பெட்டியைத் திறந்து துணி விட்டேன். வெளியே வந்த துணி செம்மண் நிறத்தில் இருந்தது. வயிற்றில் ஏதோ இறங்கியது. பித்தளை பிரஷ் போட்டுத் தேய்த்தேன். எண்ணெய், துணி, மறுபடி எண்ணெய். எட்டாவது துணி வெள்ளையாக வந்தது. நிறுத்திக்கொண்டேன். டார்ச் அடித்து உள்ளே பார்க்கவில்லை. அப்போதாவது தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றினால் இன்னும் எவ்வளவு துரு வருமோ என்று பயம். பார்க்காதவரை கெடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

பெரியவர் வாங்கிக்கொண்டார். குழலைப் பார்க்கவில்லை. வேறு யார் கொடுத்திருந்தாலும் போல்ட்டைக் கழற்றி ஜன்னலுக்கு நேரே பிடித்திருப்பார். கொடுத்தது நான் என்பதால் நேரே அலமாரியில் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை அவரை நான்தான் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனேன். பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் துப்பாக்கியில் ஐந்து தோட்டா சுட்டார். வீட்டில் இறக்கிவிட்டபோது, காபி சாப்பிட்டுப் போ என்றார். ஷெட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டில் விசிலடித்தது. குழலைப் பழந்துணி சுற்றிப் பிடித்தார், இல்லாவிட்டால் கை பொத்துப்போகும். புனலை வைத்து ஊற்றினார். கை நடுங்கியதில் கொஞ்சம் செருப்பில் சிந்தியது. துப்பாக்கி வாயிலிருந்து கருப்புத் தண்ணீர் பக்கெட்டில் விழுந்தது, பிறகு தெளிந்த தண்ணீர், பிறகு வெறும் ஆவி. குழல் சூட்டிலேயே தானாகக் காய்ந்துவிடும் என்று எனக்குச் சொன்னார். நூறாவது தடவையாக. நான் தலையாட்டினேன்.

அதற்கு மறுவாரம் ஞாயிறு. அதே ஷெட். அவருடைய பேரன் வந்திருந்தான், பதினாறு வயது. அவனுக்குப் பதினெட்டு ஆனதும் அந்தத் துப்பாக்கி அவனுக்கு என்று ஏற்கெனவே பேச்சு. டார்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தவன், “தாத்தா, உள்ளே புள்ளி புள்ளியாக இருக்கிறதே” என்றான்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். வெகுநேரம் பார்த்தார். முனையிலிருந்து, பின்பக்கத்திலிருந்து, மறுபடி முனையிலிருந்து. நானும் வாங்கிப் பார்த்தேன். அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருந்தது.

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “போன சனிக்கிழமை நான் தண்ணீர் ஊற்றினேனா?”

கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகப்பட்டும் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். பதில் எனக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்டார். ஆவி வந்தது, செருப்பில் தண்ணீர் சிந்தியது, அத்தனையும் என் கண்முன் நின்றது.

“சரியாகக் கவனிக்கவில்லை” என்றேன்.

அவர் பேரனைப் பார்த்தார். “ஊற்றிய மாதிரிதான் இருக்கிறது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “முந்தின தடவை ஊற்றியதையும் இதையும் குழப்பிக்கொள்கிறேனோ என்னவோ” என்றார். பிறகு என்னிடம் வருத்தம் தெரிவித்தார். நீ சுத்தமாகக் கொடுத்ததை நான் இப்படிப் பண்ணிவிட்டேனே என்று. நான் அவர் தோளில் கை வைத்தேன். “வயதானால் இதெல்லாம் சகஜம்” என்றேன். சும்மா இருந்திருந்தாலாவது கோழை என்பதோடு போயிருக்கும். அதையும் சொன்னேன்.

அவருக்கு மறதி வரத் தொடங்கியிருந்தது உண்மை. சாவியைத் தேடுவார், பெயர்கள் நழுவும். அந்த நோயை நான் கொண்டுவரவில்லை. ஆனால் அதுவரை அவர் அதைச் சிரித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சிரிக்கவில்லை. கெட்டிலுக்கு மேலே சுவரில் ‘தண்ணீர் ஊற்று’ என்று அட்டையில் எழுதி ஒட்டினார். செப்டம்பரில் துப்பாக்கி அலமாரிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டார். குளிர்காலத்தில் கார் ஓட்டுவதை நிறுத்தினார். யார் கேட்டாலும் காரணமாக இதைத்தான் சொல்வார்: “ஐம்பது வருடப் பழக்கத்தையே மறந்தவன் நான்.” கிளப்பில் ஒருநாள் எட்டுப் பேர் இருந்த மேஜையில் சொன்னார். அதில் ஒருவன் நான். காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்பார்கள். தின்றது நான். குடித்தது அவர்.

சொல்ல நேரம் இல்லாமலா போயிற்று? மூன்று வருடம் இருந்தது. மாதம் ஒருமுறையாவது பார்க்கப் போனேன். வாசலில் காரை நிறுத்தும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சொன்னால் கிளப்பில் என் மரியாதை என்ன ஆகும் என்பதுதான் முதலில் தோன்றும். பிறகு, இனி சொல்லி அவருக்கு என்ன புரியப் போகிறது என்று தோன்றும். இரண்டாவதைக் கருணை என்று எனக்கு நானே பேர் வைத்துக்கொண்டேன். 2017இல் அவர் போனார். அடக்கத்துக்குப் போனேன். அவர் எவ்வளவு கவனமான மனிதர் என்று நாலு வார்த்தை பேசினேன்.

இந்த வருடம் மார்ச்சில் பேரன் எனக்கு எழுதினான். துப்பாக்கி இப்போது அவனிடம் இருக்கிறது. தாத்தா கடைசிக் காலத்தில் தண்ணீர் ஊற்ற மறந்து குழலைக் கெடுத்துவிட்டார், வேறு குழல் மாற்றலாமா, உங்களுக்குத்தான் தெரியும் என்று கேட்டிருந்தான். அந்தக் குடும்பத்தில் அது ஒரு கதையாகிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. அவனுடைய பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லப்படும்.

இரண்டு பக்கம் எழுதினேன். போட்டி, விருந்து, மனைவி கேட்டது, செம்மண் நிறத் துணி, கெட்டில், அவன் தாத்தா கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில் எல்லாவற்றையும் எழுதினேன். குழலை மாற்ற வேண்டாம், எண் நான்கும் ஒன்றாக இருக்கட்டும், தழும்போடே அது சுடும் என்றும் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதி, பிறகு அதை எடுத்துவிட்டேன். கேட்க வேண்டியவர் அவன் இல்லை.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. திட்டவில்லை. ஒரே ஒரு வரி. அன்றைக்குத் தாத்தா தண்ணீர் ஊற்றினார்தானே என்று கேட்டிருந்தான்.

ஊற்றினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.