மரத்த கையிலும் வலி இருக்கும்

ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை உலகத் தொழுநோய் தினம். அன்றைய காலை நிகழ்ச்சியில் அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினேன். “இந்த நோய் வந்தவர்களுக்கு உணர்ச்சி போய்விடும், வலியே தெரியாது” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலைப் போட்டேன்.

பாடல் முடிவதற்குள் நிலையத்துக்கு ஓர் அழைப்பு. வயதான குரல். “இதை ரேடியோவுல போட்டுடாதம்மா” என்றுதான் தொடங்கினார்.

“வலியே தெரியாதுன்னு சொல்லிட்டியே. சுடுதண்ணி பட்டா என் விரலுக்குத் தெரியாது, உண்மைதான். ஆனா ராத்திரியானா அதே கை நெருப்புல வெச்ச மாதிரி எரியுது. தூங்கி எத்தனையோ நாளாச்சு.”

1960களில், இளைஞராக இருந்தபோது, சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பில் சேர்க்கப்பட்டவர் அவர். 1930இல் திறக்கப்பட்ட இடம் அது. தீபாவளிக்கு முன் பூச்செடி வாங்க அம்மாவோடு நான் அங்கே எத்தனையோ முறை போயிருக்கிறேன். செடி விலையைப் பேரம் பேசியதோடு சரி. அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“டாக்டரிடம் சொன்னீங்களா ஐயா?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. “மகன் வீட்டுல இருக்கேன்மா. வலிக்குதுன்னு சொன்னா நோய் திரும்பிடுச்சுன்னு நினைப்பாங்க. பேரப்பிள்ளைங்களை என்கிட்ட விடமாட்டாங்களோன்னு பயம். வயசான குடைச்சல்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

அன்று மாலையே ஒரு தோல் மருத்துவரைச் சந்தித்துக் கேட்டேன். தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. முழங்கை, முழங்கால், கணுக்கால் பக்கமுள்ள நரம்புகள் வீங்கித் தடித்துவிடும். கூட்டு மருந்து 6 முதல் 12 மாதங்களில் நோயைக் குணப்படுத்திவிடும். ஆனால் பழுதான நரம்பு பழுதானதுதான். தொடு உணர்வைக் கொண்டுபோக முடியாத அதே நரம்பு, எதுவும் படாமலே எரிச்சலையும் குத்தலையும் மூளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். குணமாகிப் பல ஆண்டுகள் கழித்தும் இப்படி நடக்கலாம். அதனால் வலி இருக்கிறது என்பதற்காக நோய் தொற்றும் என்று பொருளல்ல.

புதிதாக வலியோ, கை கால்களில் பலக்குறைவோ வந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. அது உடலின் எதிர்ப்புச் சக்தி கிளப்பும் அழற்சியாக இருக்கலாம். உடனே ஸ்டீராய்டு கொடுத்தால் நரம்பைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. பழைய நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை பெரும்பாலும் போதாது. அதற்கென்று வேறு மருந்துகள் இருக்கின்றன.

மறுநாள் அதே நேரத்தில், “நேற்று நான் சொன்னது தவறு” என்று தொடங்கி இதையெல்லாம் சொன்னேன். நிகழ்ச்சியில் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல்முறை.

இரண்டு மாதம் கழித்து ஐயா மறுபடி அழைத்தார். நான் பேசியதை மகனையும் உட்காரவைத்துக் கேட்டாராம். கிளினிக்குக்கு மகன்தான் அழைத்துப் போயிருக்கிறார்.

“எரிச்சல் முழுசா போகலம்மா. பாதி ராத்திரியாவது தூங்குறேன். இப்ப படுக்கிறதுக்கு முன்னால, ‘தாத்தா, இன்னிக்குக் கை எப்படி இருக்கு’ன்னு பேத்தி கேக்குறா.”

பெயரைச் சொல்லாமல் எழுதிக்கொள்ள அவரே அனுமதி தந்தார். உங்கள் வீட்டுப் பெரியவரும் ‘வெறும் குடைச்சல்தான்’ என்று சொல்பவராக இருந்தால், இன்று இரவு அவர் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.