முற்றத்தை மூடுமுன்



பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குமுன் ஜெபிக்கும்படி உங்களில் பலர் என்னை அழைப்பதுண்டு. போகிற இடங்களில் அநேகமாக ஒரே திட்டத்தைக் காண்கிறேன்: பட்டாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவிலுள்ள முற்றத்தின்மேல் கான்கிரீட் போட்டு, இன்னுமோர் அறை எடுப்பது. ஆழ்வார்திருநகரியின் பழைய தெருக்களில் வீடுகள் பக்கச்சுவரோடு ஒட்டி நிற்கின்றன. பக்கவாட்டில் ஜன்னல் வைக்க இடமில்லை. வெளிச்சம் இறங்கும் வழி முற்றமே. அதை மூடினால் இருண்டுபோகும் அறை எது? பெரும்பாலும், வயது சென்ற தாயாரோ தகப்பனாரோ படுத்திருக்கும் பின்னறைதான்.

நம் தூத்துக்குடிக்கு அக்கரையில், கொழும்பில், இதே நெருக்கடியை வேறுவிதமாய்த் தீர்த்த ஒருவர் இருந்தார். ஜெஃப்ரி பாவா. வழக்கறிஞராயிருந்து, 38 வயதளவில் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றவர். (தாமதமாகிவிட்டதென்று வருந்தும் நம் வாலிபர் கவனிக்கட்டும்.) 1958-இல், 33-ஆம் ஒழுங்கையில் வரிசையாயிருந்த நான்கு சிறு வீடுகளில் மூன்றாவதை வாங்கினார், பின்பு நான்காவதையும், சுமார் பத்தாண்டுகளில் மற்ற இரண்டையும் சேர்த்துக்கொண்டார். தெருமுனையிலிருந்த முதல் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டினார். மற்றவற்றை ஒன்றாக்கியபோதோ, இடையிடையே கூரையை விலக்கி, வானத்துக்குத் திறந்த சிறு முற்றங்களை விட்டார். அவற்றில் செடி வைத்தார், தண்ணீர் நிறுத்தினார். உள்ளே நடப்பவர் நிழலிலிருந்து வெளிச்சத்துக்கும், மறுபடி நிழலுக்கும் போகிறார். கொழும்பின் மனைவிலை அறிந்தவர் இதை வீண் என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டாமல் விட்ட இடமே கட்டிய அறைகளுக்குக் கண்ணாயிற்று.

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தார்கள். சூடான காற்று முற்றத்தின் வழியாய் மேலேறும். சுண்ணாம்பு பூசிய சுவரில் பட்ட ஒளி உள்ளறைவரை தெறிக்கும். கண்ணாடித் தகடு வேய்ந்தால் ஒளி வரும், ஆனால் விளிம்பில் இடைவெளி விடாவிட்டால் வெப்பமும் அங்கேயே தங்கிவிடும். மழைக்குப் பயந்தா மூடுகிறீர்கள்? தரைக்குச் சரிவு கொடுத்து, தண்ணீரைத் தோட்டத்து வாழைக்குத் திருப்புங்கள்.

சூனேம் ஊர்ப் பெண்மணி தன் வீட்டின்மேல் ஓர் அறை கட்டியதை நினைத்துப் பாருங்கள். அதில் தங்கப்போகிறவர் எலிசா என்பதை முதலில் தீர்மானித்தாள்; கட்டிலும் மேஜையும் நாற்காலியும் வைத்தாள், விளக்கையும் மறக்கவில்லை.

மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்குமுன், ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு, உங்கள் பின்னறைக்குப் போங்கள். மின்விளக்கை அணைத்துவிட்டு, அம்மாவின் கட்டிலருகே அமர்ந்து வேதத்தைத் திறந்து பாருங்கள். எழுத்து தெரிகிறதா?