மொத்த விலை

விழுப்புரத்தில் உள்ள எங்கள் பழைய வீடு மெட்ராஸ் டெரஸ் என்னும் கூரையுடையது. மரச்சட்டங்களின்மீது செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் இறுக்கியது அது. மழைக்கு ஒழுகியதால், திண்டிவனத்து ஒப்பந்தக்காரர் ஒருவரை வரவழைத்தேன். அவர் அரைமணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, “கூரை, தரை, வண்ணம் எல்லாவற்றிற்கும் ஒரே விலை” என்றார். அன்னையார் மகிழ்ந்தார். ஓய்வூதியத்தில் அவர் மிச்சம் பிடித்த பணமன்றோ!

எனக்கோ ஐயம். தரையை அளந்து விலை கூறலாம். சாந்துக்குள் மறைந்த சட்டங்களில் எத்தனையைக் கறையான் அரித்துள்ளதென எவர் அறிவார்? அறியாததற்கு விலை கூறுபவர் தம் அச்சத்தையும் அதில் சேர்ப்பார்; அன்றேல் பின்னர் ‘கூடுதல் வேலை’ என்பார். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டு வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. மொத்த விலை பேசி முடித்தவர்க்கு அத்தகைய குறைவு தானாக வந்து சேராது.

அரசுப் பணிகளில் வேலையின் ஒவ்வோர் இனத்திற்கும் விலை குறித்து, முடிந்ததை அளவுப் புத்தகத்தில் பதிந்து பணம் தரும் முறையும் உண்டு. அவ்வாறே தரைக்கும் வண்ணத்திற்கும் மொத்த விலையும், கூரைக்கு மட்டும் மாற்றும் சட்டம் ஒன்றுக்கு இவ்வளவு என்றும் எழுதித் தருமாறு கேட்டேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. “அப்படியானால் முதலில் நான்கு இடங்களில் பிரித்துப் பார்த்துவிடுவோம், ஐயா” என்றார். அன்னையார் கூடத்துக் கட்டிலை அப்புறப்படுத்தச் சொன்னார்.