கிளட்ச் லீவரும் கொஞ்சம் இடைவெளியும்

மழை பெய்து ஊறிப்போன மண்ணில் சைடு ஸ்டாண்டு போட்டு பைக்கை நிறுத்தக்கூடாது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் எல்லோரும் நிறுத்துவார்கள். ஸ்டாண்டு மெதுவாகப் புதையும், பைக் இடது பக்கம் சாயும், கீழே விழும்போது கிளட்ச் லீவர்தான் முதலில் தரையில் இடிக்கும்.

திருச்சியில் பி.காம். கடைசி வருடம் படிக்கும் ஒரு பையனுக்கு அதுதான் நடந்தது. வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் பைக் படுத்துக் கிடக்கிறது, லீவர் பாதியில் ஒடிந்திருக்கிறது. பைக் அவனுடையது இல்லை, அப்பாவுடையது. விடியற்காலை மூன்றரை மணிக்கு அப்பா அதில்தான் காந்தி மார்க்கெட் போய்க் காய்கறி மூட்டை ஏற்றி வருவார். அவர்கள் கடைக்கு இருக்கிற ஒரே வண்டி அதுதான்.

லீவர் ஏன் வளையாமல் ஒடிகிறது? வார்ப்பு அலுமினியக் கலவையில் செய்தது என்பதால். கொஞ்சம் வளைந்தாலும் தட்டி நிமிர்த்தக்கூடாது, உள்ளே விரிசல் விட்டுவிடும். லீவர் முனையில் ஒரு உருண்டை இருக்குமே, அது அழகுக்கு என்று நினைத்தீர்களா? விழும்போது கையில் குத்தாமல் இருக்கத்தான். ரோடு ரேஸ் விதிகளில் அந்த உருண்டைக்கு 16 மில்லிமீட்டர் விட்டமாவது வேண்டும் என்றே இருக்கிறது. ஒடிந்த லீவரோடு ஓட்டுவது என்பது கைக்குப் பக்கத்தில் கத்தியை வைத்துக்கொண்டு ஓட்டுவது மாதிரி. பையன் மிச்சமிருந்த துண்டை இரண்டு விரலால் இழுத்து இழுத்து வீடு வந்து சேர்ந்தான்.

அப்பா எட்டரைக்கே தூங்கிவிடுவார். மெக்கானிக் கடையும் பூட்டியாச்சு. வழியிலேயே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு லீவர் வாங்கியிருந்தான். காதும் காதும் வைத்த மாதிரி ராத்திரியே மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? :-)

வேலை உண்மையிலேயே சுலபம்தான். ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் கிரீஸ் போதும். லீவர் பக்கம் கேபிள் நுழையும் இடத்தில் ஒரு அட்ஜஸ்டரும் அதைப் பூட்டும் வளையமும் இருக்கும். வளையத்தைத் தளர்த்தி அட்ஜஸ்டரை உள்ளே திருகினால் கேபிள் தொய்வாகும். ஹோல்டர், வளையம், அட்ஜஸ்டர் மூன்றிலும் நீளவாக்கில் ஒரு வெட்டு உண்டு. மூன்றையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்தால் கேபிள் அந்த வழியாக வெளியே வந்துவிடும். அடியில் உள்ள நட்டைக் கழற்றி, மேலிருந்து போல்ட்டைத் திருகி எடுத்தால் பழைய லீவர் கையோடு வரும். கேபிள் நுனியில் இருக்கும் குண்டை அதிலிருந்து உருவி, கிரீஸ் தடவிப் புது லீவரில் மாட்டி, அதே வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டியதுதான். முடிந்ததும் அந்த மூன்று வெட்டுகளும் நேர்கோட்டில் நிற்காமல் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் கேபிள் நழுவிவிடும்.

அரை மணி நேரத்தில் முடித்துவிட்டான். லீவர் லொடலொட என்று ஆடியது பிடிக்காமல், ஆடாமல் விறைப்பாக நிற்கும் வரை அட்ஜஸ்டரை வெளியே திருகினான். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தான். வெண்ணெய் மாதிரி இருந்தது. நிம்மதியாகப் படுத்துவிட்டான்.

கோட்டை விட்டது அங்கேதான்.

கிளட்ச்சுக்குள் இருக்கும் தட்டுகளை ஸ்பிரிங்குகள் எப்போதும் அழுத்திப் பிடித்திருக்கும். லீவரைப் பிடித்தால் அந்தப் பிடி விடும், தட்டுகள் பிரியும். லீவரைத் தொடாதபோதே கேபிள் விறைப்பாக இருந்தால், யாரோ ஒருவர் கிளட்ச்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஓட்டுகிற கதைதான். ஆள் மட்டும் போனால் தெரியாது. பாரம் ஏறினால் தட்டுகள் வழுக்கும், நாளடைவில் தேய்ந்து கருகும். அதனால் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட விட வேண்டும். மெக்கானிக்குகள் இதை 'ப்ளே' என்பார்கள். அளவு மிஞ்சினாலும் தப்பு, கியர் சரியாக விழாது.

மறுநாள் காலை அப்பா வர ஒரு மணி நேரம் தாமதம். கடைத் திண்ணையில் இரண்டு பேர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு அப்பா கேட்டார்.

"லீவரு புதுசா இருக்கு?"

பையன் பேசவில்லை.

"மூட்டையோட பாலம் ஏறுறேன், இஞ்சின் கத்துது, வண்டி நகரல. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். இறங்கித் தள்ளிட்டு வந்து, ஓரமா நிறுத்தி, கையாலயே ரெண்டு சுத்து திருகினேன். அப்புறம்தான் வண்டி இழுத்துச்சு."

"திட்டுவீங்கன்னுதான்ப்பா சொல்லல."

"திட்டத்தான் செய்வேன். ஆனா ராத்திரியே ஒரு தடவை அமுக்கிப் பாத்திருப்பேன்ல?"

அவ்வளவுதான் திட்டு. அப்புறம் பைக் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினார். லீவர் போல்ட்டை ரொம்ப முறுக்காதே, அமுக்கிவிட்டால் லீவர் தானாகத் திரும்பி வர வேண்டும். ஹோல்டரை ஹேண்டில்பாரோடு வெறிகொண்டு இறுக்காதே, விழும்போது கொஞ்சம் சுழன்று கொடுத்தால் லீவர் பிழைக்கும். கேபிளில் ப்ளே வை. மூன்று இடத்திலும் ஒரே பாடம்தான்: ஆடாமல் இறுக்குவது வேலை இல்லை, எவ்வளவு ஆட விடுவது என்பதுதான் வேலை.

காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிற பையன் கணக்குப் போட்டுப் பார்த்தான். லீவர் நூற்றுச் சொச்சம். மெக்கானிக் கூலி மிச்சம். நடுரோட்டில் அப்பா மூட்டையோடு வண்டியைத் தள்ளியதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாகச் சொன்னான்: "அப்பா, பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு."