ஆறாவது வாரத்துப் புல்

கோல சிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயாவுக்குப் போகும் சாலையில் எங்கு திரும்பினாலும் பச்சைதான். செம்பனை, அதன் அடியில் களை, வாய்க்கால் ஓரத்தில் கோரை, மழை வலுத்தால் தார்ச்சாலை விளிம்பில்கூடப் புல். ஆனாலும் இங்கே மாடு வளர்ப்பவரைக் கேட்டால் முதலில் சொல்வது தீவனத் தட்டுப்பாட்டைத்தான். கணக்குப் போட்டால் காரணம் புரியும். 450 கிலோ எடையுள்ள கறவை மாடு நாளொன்றுக்கு 40 முதல் 45 கிலோ பசும்புல் தின்னும். பத்து மாடு என்றால் கிட்டத்தட்ட அரை டன். ஞாயிறோ தீபாவளியோ, அந்த அரை டன்னை யாராவது அறுத்தாக வேண்டும்.

பால்மரக் காலத்தில் இந்தக் கவலை இல்லை. வேலை முடிந்து வந்தவர்கள் லயத்துக்குப் பின்னால் நாலைந்து மாடு கட்டினார்கள். மரங்களுக்கு இடையே மேய்ச்சல், காலையில் பால், கையில் கொஞ்சம் காசு. நம்மவர்கள் வளர்த்த அந்த மாடுகளுக்குக் கால்நடைத்துறை ‘உள்ளூர் இந்தியக் கறவை இனம்’ என்றே பெயர் வைத்திருக்கிறது. பிறகு ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். இளம் செம்பனையின் குருத்தை மாடு விடாது. நிர்வாகம் மாட்டை விடாது. அதே காலத்தில் சாகிவாலும் ஃபிரீசியனும் கலந்த மாஃப்ரிவால் போன்ற கலப்பினங்கள் வந்தன. பால் கூடியது. ஆனால் அந்தப் பால் வேலியோரப் புல்லில் சுரக்கிற பால் இல்லை.

புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு கொட்டகைக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் நேப்பியர் புல் நிற்கிறது. வளர்ப்பவர் அறுபதைத் தாண்டியவர். என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பாராங் கத்தியால் இரண்டு தண்டுகளை வெட்டி நீட்டினார். ஒன்று ஆறு வாரத்தது. நகத்தால் கீறினாலே சாறு கசிந்தது. மற்றது மூன்று மாதத்தது, ஆளைவிட உயரம். இரண்டு கையாலும் வளைத்தும் ஒடியவில்லை.

“உசரத்தப் பாத்து ஏமாறக்கூடாது தம்பி. இத மாடு திங்கும், வயிறும் ரொம்பும். பால் வராது.”

சொன்னது சரி. ஆறு முதல் எட்டு வாரத்தில் அறுக்கும் நேப்பியரில் புரதம் 10 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அதற்குப் பிறகு தண்டு தடித்து, நார் ஏறி, புரதம் மளமளவென இறங்கும். கால்நடைத்துறை ஆட்கள் இதை மண்டபத்தில் படம் போட்டுக் காட்டுவதைவிட, இப்படித் தண்டை ஒடிக்கச் சொன்னால் போதும் என்று எனக்குத் தோன்றியது. பெரியவர் நிலத்தை ஆறு பாத்தியாகப் பிரித்திருக்கிறார். வாரத்துக்கு ஒரு பாத்தி. ஆறாவதை அறுத்து முடிக்கும்போது முதல் பாத்தி மறுபடி தயார். அறுத்த தேதியைக் கோயில் காலண்டரில் குறித்துவைக்கிறார். தரையை ஒட்டி வழித்தால் தூர் செத்துவிடும் என்பதால் அரைச் சாண் விட்டு வெட்டுகிறார். கொட்டகை கழுவிய தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் பாத்திக்கே திரும்புகிறது. உரத்துக்கு அவர் செலவழிப்பது மிகக் குறைவு.

ரகத்தைப் பற்றிய பேச்சு இங்கே தேவைக்கு மேல். தாய்லாந்தின் பாக்சோங் நேப்பியர் (தமிழ்நாட்டில் ‘சூப்பர் நேப்பியர்’ என்று விற்கிறார்களே, அதுதான்) கரணை எங்கே கிடைக்கும் என்பதுதான் எல்லோர் கேள்வியும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2008-இல் கோ-4, 2012-இல் கோ-5 என்று கம்பு நேப்பியர் ஒட்டு ரகங்களை வெளியிட்டபோது அங்கேயும் இதே பரபரப்பு. நல்ல ரகம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நாள் தவறி அறுத்தால் பாக்சோங்கும் விறகுதான். மண்ணும் ஒத்துழைக்க வேண்டும். கடலோரக் களிமண்ணில் வடிகால் ஆழமாகிவிட்டால் அடியிலுள்ள கந்தகம் காற்றுப் பட்டு அமிலமாகும். சுண்ணாம்பு இல்லாமல் பயிர் தேறாது. பெஸ்தாரி ஜெயா பக்கம் வெள்ளீயம் எடுத்துக் கைவிட்ட நிலங்களிலோ வெறும் மணல். போடுகிற சாணம் எல்லாம் எங்கே போகிறதென்றே தெரியாது.

மழை மாதங்களில் புல் மிஞ்சும், வறண்ட வாரங்களில் கிடைக்காது. இதற்கு விடை நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாயில் இருக்கிறது. புல்லை அரை நாள் வாடவிட்டு, விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, கொஞ்சம் மொலாசஸ் தெளித்து, ஏறி மிதித்துக் காற்றை வெளியேற்றி மூடிவிட வேண்டும். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் பழைய சோற்று நீர் போலப் புளிப்பு வாசம் வரவேண்டும். கறுத்துச் சாண நாற்றம் அடித்தால் குப்பைக்குத்தான். ஈரம் சரிதானா என்பதற்கு ஒரு சோதனை: நறுக்கியதைக் கைப்பிடியில் இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் சொட்டக்கூடாது. முதல் பீப்பாயைக் கெடுக்காதவர் எவரும் இல்லை என்று கொட்டகைக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களில் ஆண்டுக்கு இரண்டு அறுவடை. வைக்கோலில் பெரும்பகுதி வயலிலேயே எரிகிறது, அல்லது மக்குகிறது. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் இறுக மூடிவைத்தால் மாட்டுக்குச் செரிக்கும் தீவனமாகும். அளவு கூடினால் யூரியா மாட்டைக் கொன்றுவிடும். நேரில் நின்று கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் இதைத் தொடுவது ஆபத்து.

இன்னொரு வேடிக்கை, ஆலைகளிலிருந்து வரும் செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கு. ‘பி.கே.சி.’ என்றால் எல்லோருக்கும் தெரியும். 14 முதல் 18 விழுக்காடு புரதம். மாட்டுக்கு அருமையான தீவனம். செம்மறி ஆட்டுக்கு மட்டும் அதிகம் கொடுத்தால் அதிலுள்ள செம்பு ஈரலில் சேர்ந்து ஆட்டையே முடித்துவிடும். மலேசியாவின் இந்தப் பிண்ணாக்கு கப்பலேறி நியூசிலாந்து மாடுகளுக்குப் போகிறது. அங்கிருந்து பால் மாவாகத் திரும்பி நம் மளிகைக்கடைக்கு வருகிறது. இடையில் உள்ளூர் வளர்ப்பவர் விலை பேசிக்கொண்டு நிற்கிறார்.

தோட்டத்துக்குள் புல் அறுப்பவர்களுக்கு வேறொரு பாடம் உண்டு: எந்தப் பக்கம், எந்த நாளில் மருந்து அடித்தார்கள் என்று தெரிந்துகொள்வது. பாராகுவாட்டை மலேசியா 2020 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது என்றாலும் மற்றக் களைக்கொல்லிகள் இருக்கின்றன. மருந்தடிக்கும் ஆளிடம் நட்பாக இருப்பதுதான் பலருக்குப் பாதுகாப்பு.

இவ்வளவும் கற்றுக்கொண்டவருக்கும் நிலம் வேண்டுமே. மின்கோபுரங்களுக்கு அடியில், ஆற்றோரத்தில், அரசு நிலத்தில் என்று கிடைத்த இடத்தில் நடுகிறார்கள். முறைப்படி போனால் கிடைப்பது டி.ஓ.எல். என்கிற தற்காலிக உரிமம்; 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, எந்த மாதத்தில் வாங்கினாலும் அது அந்த ஆண்டு டிசம்பரோடு முடிந்துவிடும், புதுப்பிக்க வேண்டும். நேப்பியர் தூரோ பராமரித்தால் ஐந்தாண்டுக்குக் குறையாமல் தழைக்கும். மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்ட செலவு திரும்பி வரவே ஒன்றிரண்டு ஆண்டு ஆகும். அந்தச் செலவை ஏன் யாரும் தொடுவதில்லை என்று பெஸ்தாரி ஜெயாவில் ஓர் இளம் வளர்ப்பாளரிடம் கேட்டேன். நிலத்துக்காக எழுதிய கடிதங்களின் கட்டை எடுத்துவந்து மேசையில் போட்டார்.

“லெட்டர் வரட்டும் அண்ணே, சுண்ணாம்பு லோரிய அன்னிக்கே வரச் சொல்லிடறேன்.”