பதினேழு வயதுக்கு எத்தனை நட்சத்திரம்?

விளையாட்டு நிகழ்வது சில மணி நேரம். அதனைப் பற்றிய பேச்சு நிகழ்வதோ ஆண்டு முழுவதும். இவ்வுண்மையை அமெரிக்கரைப் போல் நிலைநாட்டியவர் வேறெவரும் இலர் எனலாம். அந்நாட்டுப் பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணியொன்று கோடை முடிவு தொடங்கி நவம்பர் இறுதி வரை, பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றாக, 12 ஆட்டங்கள் ஆடும். திறமை காட்டினால் மேலும் சில ஆட்டங்கள் கிடைக்கும். அதன் பின்னர் மைதானம் வெறுமையாகி விடும். பேச்சு மட்டும் ஓய்வதில்லை. “இவ்வாண்டு ஏன் தோற்றோம்? அடுத்த ஆண்டு யார் வருகிறார்கள்?” என்னும் இரு வினாக்களையும் வைத்துக்கொண்டு, முடிவெட்டும் கடை முதல் தேவாலய வாயில் வரை, அபிமானிகள் மாதக்கணக்கில் வாதிடுகின்றனர்.

இங்கே இரண்டு சொற்களைப் பற்றிச் சிறிது விளக்கம் வேண்டும். ‘கல்லூரி’ என்றதும் நம்மவர் மனத்தில் தோன்றுவது நம் பிள்ளைகள் உயர்தர வகுப்பு வரை பயிலும் பாடசாலை. அமெரிக்கர் ‘கொலிஜ்’ என்பது பல்கலைக்கழகத்தை. அவர்களது உதைபந்தாட்டமும் நமது உதைபந்தாட்டம் அன்று. தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்த 11 பேர், எதிரணியின் 11 பேரோடு மோதி, முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் முன்னேறுவது அது. காலுக்கு அங்கே வேலை குறைவு. பந்தை வாங்கி, எவருக்கு எறிவதென்று நொடிப் பொழுதில் முடிவு செய்பவனுக்குக் ‘குவாட்டர்பக்’ என்று பெயர். அணியின் வெற்றி தோல்வி பெரும்பாலும் அவன் தோளிலேயே தங்கியிருக்கும்.

நாம் இவற்றை அறிய நேர்ந்தது எம்மிடம் கணிதம் பயின்ற மாணவர் ஒருவரால். உயர்தரப் பரீட்சையில் அவருடைய இசட் புள்ளி, பொறியியற் பீடத்துக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றே கீழே நின்றுவிட்டது. அவ்வாண்டு எந்தக் கலியாண வீட்டுக்குச் சென்றாலும், “கெட்டிக்காரப் பொடியன்தான், ஆனால் ரிசல்ட் காணாது” என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவர் விஞ்ஞான பீடத்தில் சேர்ந்து, பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் பெற்று, 2022ஆம் ஆண்டு கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்காக இந்தியானா மாநிலத்துப் புளூமிங்ரன் நகரப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் எம்மைத் தொலைபேசியில் அழைப்பார். முதலில் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவார். பின்னர் குளிரைப் பற்றி. அதன் பின்னர் உதைபந்தாட்டத்தைப் பற்றி. நாளடைவில் இந்த ஒழுங்கு தலைகீழாயிற்று.

அவர் சென்று சேர்ந்த அணியோ தோல்விக்குப் பெயர்போனது. இந்தியானா மாநிலத்தவருக்குக் கூடைப்பந்தாட்டமே உயிர். அவ்விளையாட்டில் ஐந்து முறை தேசிய வாகை சூடிய பல்கலைக்கழகம் அது. உதைபந்தாட்டத்திலோ, 2024ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கிய வேளையில், நாட்டின் முதல்நிலைப் பல்கலைக்கழக அணிகளுள் மிகக் கூடுதலான தோல்விகளைச் சுமந்து நின்றது. அத்தொகை 700க்கும் மேற்பட்டது! எம் மாணவர் கண்ட முதலாண்டில் 4 வெற்றி, 8 தோல்வி. அடுத்த ஆண்டில் 3 வெற்றி, 9 தோல்வி. அரைநேரத்திலேயே ஆசனங்கள் வெறுமையாகி விடும் என்பார். ஆயினும் கடைசி நிமிடம் வரை குளிரில் குந்தியிருக்கும் முதியவர் சிலரைக் கண்டு அவர்பால் மதிப்புக் கொண்டதாகவும் சொன்னார். அம்முதியவர்களின் பேச்சு முழுவதும் அடுத்த ஆண்டு வரப்போகும் இளைஞரைப் பற்றியதே.

வரப்போகும் இளைஞரைத் தேடிப் பிடிப்பது அங்கே ஒரு பெருந்தொழில். பயிற்றாளர்கள் ஊரூராகச் சென்று உயர்நிலைப் பாடசாலைகளில் ஆடும் சிறுவரைப் பார்வையிடுவர். வீடு தேடிச் சென்று பெற்றோருடன் பேசுவர். இத்துறையிலேயே வயிறு வளர்க்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு சிறுவனுக்கும் ஐந்து வரையில் நட்சத்திரம் இட்டுப் பட்டியல் வெளியிடும். 16, 17 வயதுப் பிள்ளையின் உயரம், நிறை, ஓடும் வேகம், கையின் நீளம் யாவும் அப்பட்டியலில் உண்டு. அவன் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வருவதாக வாக்களித்தால் ஊரே கொண்டாடும். மனம் மாறி வேறோரிடம் சென்றால் அதே ஊர் தூற்றும். நரைத்த தலையர், பேரப்பிள்ளைகளைக் கண்டவர், தாம் ஒருநாளும் நேரிற் கண்டிராத சிறுவன் ஒருவனை நன்றிகெட்டவன் என்று ஏசுவதை நினைத்துப் பாருங்கள்!

இதன் மறுபக்கத்தையும் சொல்லாதுவிடுவது நீதியன்று. முன்பெல்லாம் ஓர் ஆட்டக்காரன் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஓராண்டு ஆடாதிருத்தல் வேண்டும். அவனைச் சேர்த்த பயிற்றாளரோ, கூடிய சம்பளத்துக்கு மறுநாளே வேறிடம் போகலாம். ஆட்டத்தால் வந்த பெரும்பணம் பல்கலைக்கழகத்துக்கும் தொலைக்காட்சிக்கும் பயிற்றாளருக்கும் பங்காயிற்று. எலும்பு முறிந்த இளைஞனுக்குக் கிடைத்தது படிப்புச் செலவு மட்டுமே. 2021ஆம் ஆண்டில் இந்நிலை மாறியது. ஒருமுறை இடம் மாறினால் உடனே ஆடலாம் என்றாயிற்று. 2024இல் அந்த ‘ஒருமுறை’ என்னும் வரம்பும் நீங்கிற்று. தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துப் பணம் பெறும் உரிமையும் 2021 ஜூலையில் மாணவருக்குக் கிடைத்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகமே தன் விளையாட்டு வீரருக்கு நேரடியாகப் பணம் வழங்கலாம். முதலாண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு விதிக்கப்பட்ட உச்ச எல்லை ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர். உழைப்பவனுக்குக் கூலி கிடைப்பதை எவர் குறை கூற வல்லார்?

இக்காலமாற்றத்தின் நடுவே, 2023 நவம்பர் இறுதியில், கேர்ட் சிக்னெற்றி என்பவர் இந்தியானாவின் பயிற்றாளராக நியமனம் பெற்றார். முன்னொரு காலத்தில் அலபாமாப் பல்கலைக்கழகத்தில் ஆட்சேர்ப்புப் பொறுப்பை வகித்தவர் அவர். இளைஞரை எவ்வாறு கவரப் போகிறீர் என்று வினவிய நிருபருக்கு, “நான் வெல்பவன்; கூகிளில் தேடிப் பாருங்கள்” என்ற பொருள்பட விடையிறுத்தார். தாம் முன்பு பயிற்றிய ஜேம்ஸ் மடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து பத்துக்கு மேற்பட்ட ஆட்டக்காரரை உடன் அழைத்து வந்தார். அவருடைய கொள்கை எளியது: நாளை இவன் என்ன ஆவான் என்று ஆரூடம் பார்ப்பதிலும், இதுவரை களத்தில் என்ன செய்து காட்டினான் என்று பார்ப்பது மேல்.

2024இல் அவ்வணி தொடர்ந்து 10 ஆட்டங்களில் வென்றது. ஒரு பருவத்தில் 10 வெற்றி காண்பது அதன் சரித்திரத்தில் அதுவே முதன்முறை. 2025இல் நிகழ்ந்ததோ கற்பனைக்கும் எட்டாதது. டிசம்பரில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தை 13–10 என்று வென்று, 1967க்குப் பின் முதன்முறையாகப் பிக் ரென் வாகையைச் சூடியது. 2026 ஜனவரி 19ஆம் திகதி நடைபெற்ற தேசிய இறுதியாட்டத்தில் மயாமிப் பல்கலைக்கழகத்தை 27–21 என்று வென்றது. 16 ஆட்டம், 16 வெற்றி! அன்று எம் மாணவர் தொலைபேசியிற் கத்திய கத்தலில் எம் வீட்டார் அனைவரும் திடுக்கிட்டனர்.

“சேர், எங்கட ரீம் வெண்டிட்டுது!”

“எங்கட ரீம் என்கிறீரே, தம்பி, அதில் ஆடியவர்களில் எத்தனை பேர் முதலாம் ஆண்டு முதல் அங்கே படித்தவர்கள்?” என்று கேட்டோம்.

“கன பேர் வேற இடத்தில இருந்து வந்தவைதான், சேர். எண்டாலும் எங்கட பொடியள்தான்.”

அவ்விடையில் நாம் குறை காணவில்லை. தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்பவனை எந்த ஊரவன் என்று எவரும் கேட்பதில்லை. ஆண்டுக்கு ஆண்டு கைகள் மாறும்; தேர் வீதி சுற்றி இருப்புக்கு வந்தாற் போதும். எழுநூறு தோல்வியிலும் ஆசனத்தை விட்டு எழாத முதியவரின் அன்பு ஆட்டக்காரரை மட்டும் நம்பியதாயின், அது என்றோ பட்டுப்போயிருக்கும். ஊரின் பெயரிலும், பக்கத்தில் இருந்து பார்த்த தந்தையின் நினைவிலும் வேரூன்றிய அன்பு அது.

எம் நெஞ்சிற் பதிந்தது வேறொன்று. அந்த அணியின் குவாட்டர்பக் பெர்னாண்டோ மெண்டோசா; கியூபாவிலிருந்து வந்து மயாமியில் குடியேறிய குடும்பத்தின் வழிவந்தவர். பாடசாலைப் பருவத்தில் பட்டியல் போடுவோர் அவரைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு நட்சத்திரப் பையன் என்றே மதிப்பிட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்துக்குச் செல்வதாக வாக்களித்திருந்தவருக்குக் கடைசி வேளையில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே மூன்றாண்டில் வணிகத்துறைப் பட்டம் பெற்று, அதன் பின்னரே இந்தியானாவுக்கு வந்தார். 2025 டிசம்பரில் நாட்டின் தலைசிறந்த பல்கலைக்கழக ஆட்டக்காரருக்குரிய ஹைஸ்மன் விருது அவருக்குக் கிடைத்தது. இந்தியானாவைச் சேர்ந்த எவரும் அதற்கு முன் அவ்விருதைப் பெற்றதில்லை. நெடுங்காலமாக நரம்பு நோயுடன் போராடும் தம் தாயாரை நோக்கி, மேடையில் கண்ணீர் மல்க நன்றி கூறினார்.

“இரண்டு நட்சத்திரம், சேர்!” என்று எம் மாணவர் பன்முறை சொன்னார். அதை அவர் சொன்ன குரலை நாம் அறிவோம். கலியாண வீடுகளில் ‘காணாது’ என்ற சொல்லைக் கேட்டு நின்ற பையனின் குரல் அது.

சில வாரங்கள் சென்றன. அழைத்தவர், அடுத்த பருவத்துக்கு வரவிருக்கும் இளைஞரைப் பற்றி ஆரம்பித்தார். இவனுக்கு நான்கு நட்சத்திரம், அவனுக்கு மூன்றுதான், இன்னொருவன் நிறை போதாது, அவன் சரிவரமாட்டான் என்று அடுக்கிக்கொண்டே போனார். இடைமறித்து, “உமக்கு அந்நாளில் எத்தனை நட்சத்திரம் போட்டார்கள், தம்பி?” என்று மட்டும் கேட்டோம். மறுமுனையில் சற்று மௌனம். பின்னர் பெரிய சிரிப்பு.

சிரித்தாலும் விஷயம் சிறியதன்று. மெண்டோசா மேலே வந்துவிட்டார். அவர் கதையை உலகம் அறியும். ஒவ்வோர் அணியிலும் நூற்றுக்கு மேற்பட்ட இளைஞர் இருக்கின்றனர். பாடசாலையிலிருந்து நேரே வந்து, ஈராண்டு வரிசையிற் காத்திருந்து, தன் முறை வரும் வேளையில், வேறிடத்திலிருந்து வந்த முதிர்ந்த ஆட்டக்காரன் ஒருவனுக்கு இடத்தை விட்டுக்கொடுப்பவனும் அவர்களுள் ஒருவன். அவனைப் பற்றிய பேச்சு ஒரே சொல்லில் முடிந்துவிடும்: ‘உதவான்’. அச்சொல்லை அவன் வாசிப்பான். அவன் தங்கையும் வாசிப்பாள்.

நம் நாட்டிலும் இது புதிதன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் பொருதிவரும் வடக்கின் பெரும்போர் ஆகட்டும், கொழும்பின் பெருந்துடுப்பாட்டங்களாகட்டும், பழைய மாணவர் கொட்டகைகளில் நடைபெறும் சம்பாஷணை புளூமிங்ரன் சம்பாஷணைக்குச் சற்றும் இளைத்ததன்று. பிடியைத் தவறவிட்ட பதினாறு வயதுப் பையன் எல்லைக்கோட்டருகே நிற்க, அவன் காதுபடவே அவனுடைய குலமும் கோத்திரமும் பேசப்படும். ஊர்ப் பாடசாலையொன்றில் வேகப்பந்து வீசும் பையன் தோன்றினால், பெரிய பாடசாலையொன்று இடமும் விடுதியும் கொடுத்து அழைத்துக்கொள்ளும். போகும் பிள்ளையைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. வறிய வீட்டுக்கு அது வாசற்கதவு திறந்தது போலாகும். ஆனால், அங்கே சென்றவன் முழங்கால் நொந்து பந்து வீச முடியாது போனால் அவனைப் பற்றி யார் விசாரிக்கிறார்கள் என்பதையும் அழைத்தவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இருபது ஆண்டுக்கு மேலாகப் பதினேழு வயதினரோடு பழகியவர் என்ற முறையில் ஒன்றைத் துணிந்து கூறுவோம். அவ்வயதில் ஒருவனை அளப்பது, காய்த்திராத மாமரத்தைப் பார்த்துப் பழத்தின் சுவையைச் சொல்வது போன்றது. அளவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அணிக்கும் ஆட்கள் தெரிவு செய்யப்பட வேண்டும், பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் தெரிவு செய்யப்பட வேண்டும். இசட் புள்ளியும் நட்சத்திரமும் அன்றைய தேவைக்கு ஏற்ற அளவுகோல்கள். ஒரு பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஆயுள் முழுவதும் எழுதி வைப்பதற்கு உரியன அல்ல.

அபிமானிகளின் பேச்சை நிறுத்தவும் நாம் விரும்பவில்லை. அப்பேச்சு இல்லாவிடின் விளையாட்டில் பாதிச் சுவை போய்விடும். ஒரேயொரு விதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோமோ, அந்தப் பிள்ளையின் தாய் நமக்குப் பக்கத்து ஆசனத்தில் இருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு பேசுவோம். ஆட்டத்தைக் குறை கூறலாம், பயிற்றாளரின் திட்டத்தைக் கிழித்தெறியலாம், தோல்விக்குக் காரணம் ஆயிரம் கண்டுபிடிக்கலாம். அவள் முகம் வாடும்படியான சொல் ஒன்று மட்டும் நம் வாயில் வராதிருக்கட்டும்.